கால் எட்டாத வண்டி

எங்கள் வீட்டில் சொத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. செம்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனின் படிக்கட்டுக்குக் கீழே, நீலத் தார்பாய் போர்த்தி, நாலு பக்கமும் கயிறு கட்டி, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு செங்கல்லும் வைத்து நின்றுகொண்டிருந்தது. அப்பா மஸ்கட்டில் கிரேன் மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் வருவார். அந்த ஒரு மாதம்தான் வண்டி வெயிலைப் பார்க்கும்.

வெள்ளிக்கிழமைதோறும் அப்பா போன் செய்வார். அம்மாவை விசாரிப்பார், என் மார்க்கை விசாரிப்பார், பிறகு வண்டியை விசாரிப்பார். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம் என்றால் வண்டிக்குப் பத்து நிமிஷம். பெரியப்பா மகன் ஒருமுறை கேட்காமல் எடுத்துக்கொண்டு வண்டலூர் வரை போய், டேங்கில் ஒரு கீறலோடு திரும்பி வந்தான். அவன் கல்யாணத்துக்குக்கூட அப்பா வாழ்த்துச் சொல்லவில்லை. அவ்வளவு ரோஷம்.

இப்படிப்பட்ட வண்டி இருந்த வீட்டுக்குத்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, ஒரு பெட்டியோடு வந்து எங்கள் ஹாலில் பாய் விரித்தார். ஐந்தடி பத்து அங்குல உயரம், நிலைப்படியில் தினமும் ஒருமுறை தலையை இடித்துக்கொள்வார். எனக்கு விசிலடிக்கச் சொல்லிக்கொடுத்தவர், வாய்ப்பாடு ஒப்பிக்காவிட்டாலும் பரோட்டா வாங்கிக்கொடுத்தவர். உண்மையைச் சொல்வதென்றால் அப்போது எனக்கு அப்பாவைவிட மாமாவைத்தான் பிடிக்கும். அப்பா போனில் வரும் ஒரு குரல். மாமா பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்னும் ஆள்.

அப்பா போனிலேயே நிபந்தனை போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“வாரம் ஒரு தடவை கிக்கர் அடிச்சு அஞ்சு நிமிஷம் ஓட விடட்டும். அதுக்கு மேல வண்டில கை வச்சான்னா, பெட்டியைக் கட்டச் சொல்லிரு.”

பெரியவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஒன்பது வயது, நான் சிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த மாமாவின் பெட்டியை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் எனக்கு ஓர் அருமையான நாள் கிடைத்தது. நாலைந்து நாளாக விடாத மழை. பள்ளிக்கூடம் லீவு. ஏரி நிரம்பித் தெருவெல்லாம் தண்ணீர். எனக்கு வழக்கமான வீசிங் அன்று மதியம் கொஞ்சம் கூடுதலாக வந்தது. ஆட்டோக்காரர்கள் தண்ணீரைப் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்றார்கள். மாமா ஷிஃப்டில் இருந்தார், உள்ளே போனால் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்காரர் குடும்பம் ஊருக்குப் போயிருந்தது. அம்மா சாப்பாட்டு மேஜையின் பிளாஸ்டிக் விரிப்பை உருவி என்மேல் சுற்றினாள். திராட்சைக் கொத்துப் போட்ட விரிப்பு. என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கேம்ப் ரோடு ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தே போனாள்.

அடேயப்பா, என்ன ஊர்வலம் அது! ஒற்றைச் செருப்புகள் மிதந்தன. ஒரு முழுப் பூசணிக்காய் எங்களோடு கூடவே கொஞ்ச தூரம் வந்தது. ஆஸ்பத்திரியில் முகத்தில் ஒரு மூடியை மாட்டிப் புகை வரவழைத்தார்கள். நர்ஸ் அக்கா கிரீம் பிஸ்கட் கொடுத்தார். இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் ராஜ்ஜியம் பண்ணினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா அப்பாவிடம், பாப்பாவுக்குக் கொஞ்சம் சளி, இப்போது சரியாகிவிட்டது என்றாள். எனக்கு ஒரே ஏமாற்றம். பூசணிக்காயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பிறகு, “ஏங்க, நான் அந்த வண்டியைக் கத்துக்கட்டுமா?” என்று கேட்டாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “கியர் வண்டியா? உனக்கா? முதல்ல கால் எட்டுமா?” என்றார் அப்பா. அம்மாவின் உயரம் நாலடி பத்தரை. அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள். ஸ்கூட்டி வாங்கலாம் என்ற பேச்சும் எங்கள் வீட்டில் எடுபடாது. ஒரு வண்டி சும்மா நிற்கையில் இன்னொரு வண்டி எதற்கு என்பது அப்பாவின் கட்சி.

முழுப்பரீட்சை லீவில் மாமாவுக்குக் கிறுக்குப் பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய்விட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு ஹேண்டில்பாரோடு மின்சார ரயிலில் வந்து இறங்கினார். ரயிலில் மூன்று பேரை இடித்துத் திட்டு வாங்கினாராம். அடுத்த வாரம் ஒரு பழைய சீட். அதற்கடுத்த வாரம் குட்டையான பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டு. படிக்கட்டுக்குக் கீழே தார்பாய் விலகியது. மாமா லுங்கியை மடித்துக் கட்டி உட்கார்ந்து, அப்பாவின் வண்டியைக் கழற்ற ஆரம்பித்தார். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு, “நீயும் நானும் சொல்லலைன்னா எப்படித் தெரியும்?” என்று கண்ணடித்தார். அம்மாவாவது தடுப்பாள் என்று பார்த்தால், அவள் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

முதலில் கழன்றது சாரி கார்டு. பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க இடது பக்கம் மாட்டியிருக்கும் கம்பி வலை. ஸ்டைல் பண்ணும் பையன்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் தூக்கிப் போடுவார்கள். அதற்குக் கீழே லேடீஸ் கால் வைக்கும் தட்டு, அதுவும் போனது. ஹேண்டில்பார் போனது, ஷாக் அப்சார்பர் போனது. கழற்றியவற்றையெல்லாம் துடைத்து ஒரு கோணிச் சாக்கில் போட்டுப் படிக்கட்டு மூலையில் வைத்தார். ஒரிஜினல் சீட்டைக் கழற்றி அதன் மேலேயே சாய்த்து வைத்துவிட்டு, புதுப்பேட்டைச் சீட்டின் தோலை உரித்து, ஆக்ஸா பிளேடால் ஃபோமை அறுக்கத் தொடங்கினார். படிக்கட்டெல்லாம் மஞ்சள் துகள் பறந்தது. கொஞ்சம் அறுப்பார், மாட்டிப் பார்ப்பார், கழற்றுவார், மறுபடியும் அறுப்பார்.

“அக்கா, ஒரு நிமிஷம் ஏறி உக்காரேன். ஃபோம் அமுங்குதான்னு பாக்கக் கனமான ஆள் வேணும்.”

அம்மா துண்டால் அவர் முதுகில் ஒன்று போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள். மாமா குனிந்து தரையைப் பார்த்தார். இன்னும் ஒரு விரல்கடை, என்று சொல்லிவிட்டு மறுபடியும் அறுத்தார். இது நாலைந்து முறை நடந்தது. ஃபோம் அமுங்குகிறதா என்று பார்க்கத் தரையை எதற்குப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிரேக்கையும் கிளச்சையும் கைக்குக் கிட்டே வரும்படி மாற்றினார். சிவப்பு ரெக்சின் போட்டுச் சீட்டைத் தைத்துக்கொண்டு வந்தார்.

கூடவே எதற்கோ டேங்கில் தீப்பிழம்பு ஸ்டிக்கர் ஒட்டினார். மெஷின் கன் மாதிரி சத்தம் போடும் ஒரு சைலன்சரை மாட்டினார். மூன்றே நாளில் கீழ்வீட்டு ஓனர் அங்கிள் வந்து, சைலன்சர் இருக்க வேண்டும், இல்லை நீங்கள் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பழைய சைலன்சர் திரும்ப வந்தது. ஆனால் தெரு முழுக்க அந்தச் சைலன்சரைப் பற்றித்தான் பேசியது. சீட்டை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுச் செய்த வண்டியில் மாமா ஏறி உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாருக்கு மேலே வந்து நின்றன. மூன்று சக்கர சைக்கிளில் உட்கார்ந்த பெரிய ஆள் மாதிரி இருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “லோ ரைடர் ஸ்டைலு. உனக்கெல்லாம் புரியாது” என்றார் மாமா. சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி.

சனிக்கிழமைகளில் நான் ஹிந்தி டியூஷன் போகும் நேரத்தில் அம்மாவும் மாமாவும் அந்த வண்டியில் மார்க்கெட்டுக்குப் போனார்கள். பல நாள் காய்கறி இல்லாமல் வந்தார்கள். ஒருநாள் அம்மாவின் முழங்கையில் பெரிய சிராய்ப்பு. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றாள். நான் பாத்ரூமுக்குப் போய்த் தரையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஜாக்கிரதையாக நடக்கும்படி அவளுக்கு அறிவுரை சொன்னேன்.

ஜூலை மாதம் பழைய இரும்பு எடுக்கும் அண்ணா மூன்று சக்கர வண்டியில் வந்தார். வண்டி நிறையப் பிளாஸ்டிக் சாமான்கள். அதில் ஒரு ரோஸ் கலர் பேசின். எங்கள் வீட்டு பேசின் விளிம்பு உடைந்து, அம்மா அதில் துணி ஊறவைக்கும்போதெல்லாம் கையைக் கிழித்துக்கொள்வது எனக்குத் தெரியும். படிக்கட்டு மூலையில் யாருக்கும் வேண்டாத இரும்பு ஒரு சாக்கு நிறைய இருப்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசித்த என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அம்மா மாடியில் சமைத்துக்கொண்டிருந்தாள். நான் சாக்கை இழுத்துக்கொண்டு போனேன்.

“இன்னா பாப்பா, வூட்ல சொல்ட்டுத்தான் எத்தாந்தியா?” என்று கேட்டார் அவர். தலையை ஆட்டினேன். “வேற எதுனா கீதா?” என்றார். சீட்டைக் காட்டினேன். அது இரும்பில்லை என்று விட்டுவிட்டார்.

பேசின் ஏது என்று அம்மா கேட்டபோது, சண்டே ஸ்கூலில் வசனம் ஒப்பித்ததற்குப் பரிசு என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. வாயில் வந்துவிட்டது. அம்மா என் தலையைத் தடவி, பிள்ளை நல்லா வருவா என்று மாமாவிடம் பெருமைப்பட்டாள்.

ஆகஸ்டில் அப்பாவுக்கு லீவு. வருவதற்குப் பத்து நாளைக்கு முன்னால், வண்டியைப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று மாமா ஸ்பேனரோடு உட்கார்ந்தார். அம்மா அப்பாவிடம் தானே நிதானமாகப் பேசிக்கொள்வதாகவும், அதுவரைக்கும் எல்லாம் முன்னிருந்த மாதிரி இருக்கட்டும் என்றும் அவர்களுக்குள் ஏற்பாடு. எதைப் பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாமா சாக்கைத் தேடினார். சீட் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றது.

நான் திருதிருவென்று விழித்தேன். பிறகு அழுதுகொண்டே பேசினைக் காட்டினேன்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். “போச்சு. அத்தான் என்னைப் பெட்டியைக் கட்ட வச்சிருவாரு” என்றார். அம்மா பேசினைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள். “விடுடா. போனது போகட்டும். நல்லதாப் போச்சு” என்றாள். மாமாவின் பிழைப்பே போகும்போது இவளுக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது.

அம்மாவை நம்பிப் பயனில்லை என்று ஆனதால் நேராக மேலிடத்தை அணுகினேன். எங்கள் சர்ச்சில் வாசல் அருகே ஜெப விண்ணப்பப் பெட்டி உண்டு. யாருக்கு என்ன குறையோ அதைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் எழுத வேண்டியதில்லை. ஞாயிறு ஆராதனையில் ஆயர் அவற்றை எடுத்துச் சபையோடு சேர்ந்து ஜெபிப்பார். நானும் ஹோம்வொர்க் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதிப் போட்டேன். அந்த வாரம் ஆயர் வெளியூர் போயிருந்தார். சீட்டுகளெல்லாம் மறுவாரத்துக்குச் சேர்ந்துவிட்டன.

நடுவில் வெள்ளிக்கிழமை அப்பா வந்துவிட்டார். இரண்டு நாள் வீடு நிறைய ஆட்கள், போர்வை, சென்ட், பால்பவுடர். தார்பாயை மாமா வழக்கத்தைவிடக் கூடுதலாக இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார். வண்டியை எடுக்கலாமா என்று அப்பா கேட்டபோதெல்லாம் பேட்டரி சார்ஜுக்குப் போயிருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாக ஆட்டோவில் சர்ச்சுக்குப் போனோம். அப்பாவும் மாமாவும் ஆண்கள் பக்கம், நானும் அம்மாவும் பெண்கள் பக்கம்.

ஆயர் அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார். ஒரு சிறுபிள்ளையின் விண்ணப்பம் வந்திருக்கிறது, அப்படியே வாசிக்கிறேன், கேளுங்கள் என்றார். வாசித்தார்.

“இயேசப்பா, எங்க அப்பா வண்டியோட சாரி கார்டு, ஹேண்டில்பார் எல்லாத்தையும் நான் பழைய இரும்புக்குப் போட்டு பேசின் வாங்கிட்டேன். சண்டே ஸ்கூல் பரிசுன்னு பொய் சொன்னேன். மன்னிச்சிருங்க. அப்பா மஸ்கட்லேருந்து வர்றதுக்குள்ள அதெல்லாம் திரும்பி வரணும். மாமா சீட்டை வெட்டினது அப்பாவுக்குத் தெரியக் கூடாது. மாமா பெட்டியைக் கட்டக் கூடாது. ஆமென்.”

‘மஸ்கட்’ வந்த இடத்தில் அவருக்கே விளங்கிவிட்டது. குரல் கொஞ்சம் தடுமாறியது. ஆனால் ஆரம்பித்துவிட்டாரே, நிறுத்த முடியவில்லை. சபையில் முதலில் ஒரு செருமல், அப்புறம் ஒரு பெஞ்சு குலுங்கியது, அப்புறம் சிரிப்பில் கூரை அதிர்ந்தது. சண்டே ஸ்கூல் டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா திரும்பிப் பார்த்தார். மாமா பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அம்மா மட்டும் நேராகப் பலிபீடத்தைப் பார்த்தபடி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீடு வந்து ஆட்டோவை விட்டு இறங்கியதும் அப்பா நேராகப் படிக்கட்டுக்குக் கீழே போய், முடிச்சுகளை அவிழ்த்துத் தார்பாயை இழுத்தார். சிவப்புச் சீட்டும் தீப்பிழம்புமாக வண்டி நின்றது. நான் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பெட்டியைக் கட்டினால் நானும் கூடப் போய்விடுவேன் என்று சொன்னதாக ஞாபகம்.

அப்பா ஏறி உட்கார்ந்தார். முழங்கால் இடித்தது. இறங்கினார்.

“மாப்ள, நீ உக்காரு.”

மாமா உட்கார்ந்தார். அவர் முழங்கால் இன்னும் மேலே போனது. அப்பா எட்டி நின்று பார்த்தார். கிட்டே வந்து பிரேக் லீவரில் விரலை வைத்து இடைவெளியை அளந்தார். பின்பக்கம் குனிந்து ஷாக் அப்சார்பரைத் தொட்டார். சீட்டுக்கும் தரைக்கும் நடுவே சாணால் அளந்தார். வாழ்நாளெல்லாம் இயந்திரத்தைப் பார்த்த மனிதர், அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. மெதுவாக நிமிர்ந்து, படியில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தார்.

அம்மா மாடிக்குப் போனாள். பட்டுச்சேலையை மாற்றிச் சுடிதாரில் வந்தாள். ஸ்டாண்டை எடுத்து, வண்டியைத் தெருவுக்கு உருட்டி, ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் இருந்தன.

“எட்டுது” என்றாள்.

ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து, கியர் போட்டுத் தெருக்கோடி வரைக்கும் போய் வளைந்து திரும்பி வந்தாள். ஓனர் அங்கிள் கேட்டைத் திறந்து பார்த்தார். எனக்கு அழுகை பாதியில் நின்றுவிட்டது. எங்கள் அம்மா! கியர் வண்டி! நாளைக்கே பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டும் என்று மனசு பறந்தது.

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டார் அப்பா. குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

“கேட்டேன். சிரிச்சீங்க.” அம்மா இன்ஜினை அணைத்தாள். “அன்னிக்கு மழை பேஞ்சுதுல்ல, அது வெறும் சளி இல்லீங்க.”

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். பத்து வயசு ஆகப்போகும் பிள்ளையை யாராவது தூக்குவார்களா? எனக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே இறக்கிவிட்டு, லைசென்ஸ் என்று கேட்டார். எல்.எல்.ஆர் வாங்கியாச்சு என்று அம்மா கைப்பையிலிருந்த பைபிளைத் திறந்து, உள்ளேயிருந்து காகிதத்தை எடுத்துக் காட்டினாள். அப்பா மாமாவை ஸ்பேனர் எடுத்துவரச் சொல்லி வாங்கினார். கிளச் ரொம்ப டைட், இப்படி விட்டால் அவள் கை வலிக்காதா, உனக்கு இதுகூடவா தெரியாது என்று திட்டிக்கொண்டே வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இடது பக்கம் ஒரு கண்ணாடி மாட்டச் சொன்னார். தீப்பிழம்பை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டார்.

பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. என் ஜெபம் கேட்கப்பட்டது என்று நான் முடிவு செய்தேன். மழைக்கும் சீட்டுக்கும் என்ன சம்பந்தம், நல்ல மழையைப் பற்றி அம்மா ஏன் அப்படி ஒரு குரலில் பேசினாள் என்பது மட்டும் விளங்கவில்லை. பெரியவர்கள் பேச்சு, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சென்ற வருஷம் ஊரப்பாக்கத்தில் மாமா புதுவீடு குடிபோனபோது, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். பேசின் கதையைச் சொல்லி எல்லாரும் என்னை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா சிரிப்பினூடே சாதாரணமாகச் சொன்னார்: “அந்த மழையன்னிக்கு உன் உதடெல்லாம் நீலமாயிருந்துச்சாம். ஷிஃப்ட் முடிஞ்சு நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வர்றேன், அக்கா அழக்கூட இல்ல. ‘எனக்கு அந்த வண்டியை ஓட்டச் சொல்லிக் கொடுடா’ன்னா. அவ்வளவுதான்.”

அதைக் கேட்ட பிறகுதான், அந்த நாளில் நான் யாரிடமும் சொல்லாமல் விட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. சொல்ல அதில் ஒன்றுமில்லை என்று விட்டிருந்தேன். என்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய அம்மா, கீழே வந்ததும் உடனே தெருவில் இறங்கவில்லை. அந்த நீலத் தார்பாய்க்கு முன்னால் நின்றாள். ஒரு கையால் அதை விலக்கி வண்டியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். மழை விட்டுவிட்டால் மிதப்பதையெல்லாம் பார்க்க முடியாதே என்று எனக்கு ஒரே அவசரம். சொல்லலாம் என்றால் மூச்சு வரவில்லை. அதனால் அவள் இடுப்பில் குதிகாலால் இரண்டு உதை விட்டேன், சீக்கிரம் போ என்று.